ஒன்றியத் தொடக்கப்பள்ளி: கையில் 1.75 லட்சம். கூரையா, கழிப்பறையா, சுற்றுச்சுவரா?

மூன்றாம்வகுப்பு_அம்மா (கேள்வி)

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர் நான். வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று தீர்மானம் போட வேண்டும். பெற்றோர் மூன்று கட்சியாக நிற்கிறார்கள். விவரம் முழுசாகத் தருகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிள்ளைகள் 96 பேர். பெண்பிள்ளைகள் 51, பையன்கள் 45.

கட்டடம் இரண்டு. 1994-ல் கட்டிய கான்கிரீட் கட்டடத்தில் 20-க்கு 20 அடியில் இரண்டு அறை, முன்னால் 8 அடி வராந்தா. 2008-ல் கட்டிய தனி அறை நன்றாக இருக்கிறது. பழையதில் மழைக்கு ஒழுகுகிறது. இரண்டாவது அறையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் பூச்சு உதிர்ந்து ஒரு முழ நீளத்துக்குக் கம்பி தெரிகிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது.

கழிப்பறை பெண்பிள்ளைகளுக்கு 1, பையன்களுக்கு 1. தண்ணீருக்கு 500 லிட்டர் டேங்க். சுற்றுச்சுவர் கிடையாது. சுற்றளவு 600 அடி, அதில் 120 அடி தார்ச்சாலையை ஒட்டியது.

பணம்: இந்த ஆண்டு பள்ளி மானியம் 25,000. முன்னாள் மாணவர்கள் தருவது 1,50,000. அவர்களுக்குத் தரைக்கு டைல்ஸ் போட்டு, சுவருக்குப் பெயின்ட் அடித்துப் பார்க்க ஆசை. இன்னொருவர் 2,000 லிட்டர் டேங்க் ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறார். அதைப் பழைய கட்டடத்து மொட்டைமாடியில் வைக்கலாம் என்று பேச்சு.

எதை முதலில் எடுப்பது, ஏன்?

---

வாட்டம்_பார்

சகோதரி, முதலில் ஒன்று. அந்த டேங்கை மொட்டைமாடியில் ஏற்ற விடாதீர்கள். 2,000 லிட்டர் தண்ணீர் என்றால் 2 டன். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் விட்டுப்போன தளத்தின் தலையில் 2 டன்னை வைப்பது பிள்ளைகளின் தலையில் வைப்பதற்குச் சமம். தரையிலிருந்து செங்கல் தூண் எழுப்பித் தனி மேடை கட்டுங்கள்.

இரண்டாவது, கம்பி தெரிகிற அந்த அறையை இன்றைக்கே பூட்டச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். வராந்தாவிலும் 2008 அறையிலுமாகப் பிரித்து உட்கார வைத்துச் சமாளிக்கலாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்க ஆபத்தான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு வந்தது. உங்கள் கட்டடம் ஒன்றியத்துக்குச் சொந்தம். எனவே வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு கொடுத்து, ஒன்றியப் பொறியாளரை வரவழைத்து, "பழுதுபார்க்கலாம்" அல்லது "இடிக்க வேண்டும்" என்று எழுத்தில் வாங்குங்கள். இடிக்கச் சொன்னால் கூரைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். இடிப்பதைக் குழு தன் பாட்டுக்குச் செய்யவும் முடியாது.

பொறியாளர் வருவதற்குள் நீங்கள் பார்த்து வைக்க வேண்டியது: நீளமான கம்பு ஒன்றின் முனையில் சின்னச் சுத்தியலைக் கட்டி, பூட்டிய அறையின் ஓரத்திலிருந்து கூரையின் அடிப்புறத்தை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டுங்கள். தட்டும்போது நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. கெட்டியான இடம் கணீர் என்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் பொக்கென்று கேட்கும். பொக்கான இடத்தையெல்லாம் அதே கம்பில் சாக்பீஸைக் கட்டி வட்டம் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். கண்ணுக்குத் தெரிவது ஒரு முழம்தான், பொக்கு பெரும்பாலும் அதைவிடப் பெரிதாக இருக்கும். தெரிகிற கம்பியையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தாலே அதன் பலத்தில் கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

பழுதுபார்க்கலாம் என்று வந்தால் மேலிருந்து கீழே வர வேண்டும். ஒழுகலை நிறுத்தாமல் கீழே பூசுவது வீண்.

மேலே செய்ய வேண்டியது: உங்கள் தளம் 40-க்கு 28, அதாவது 1,120 சதுர அடி. ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் அதில் 5,200 லிட்டர் தண்ணீர் விழும். அந்தக் காலத்துக் கட்டடங்களில் 2 அங்குலக் குழாய் ஒன்றோ இரண்டோ வைத்திருப்பார்கள். நாலு வேப்பிலை விழுந்தால் அடைந்துவிடும், தளம் குளமாகும். ஏறக்குறைய 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வேண்டும், உங்களுக்கு மூன்று. ஒவ்வொரு குழாயின் வாய்க்கும் வலைத்தட்டு.

அடுத்து வாட்டம். 5 அடிக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும். மொட்டைமாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எங்கே நிற்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய சுண்ணாம்புத் தளம் பொரிந்திருந்தால் முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு, மேலே தட்டோடு பதிக்க வேண்டும். இங்கேதான் பெரிய தப்பு நடக்கும். கொத்தி இறக்கக் கூலி அதிகம் என்று பழசின் மேலேயே புதுசைப் போட்டுவிடுவார்கள். 1,120 சதுர அடிக்கு 3 அங்குலம் என்றால் 280 கன அடி, ஏறக்குறைய 14 டன் கூடுதல் பாரம். ஒழுகல் நிற்கும், தளம் தொங்கும்.

அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் சுவரோடு செங்கலைப் பெயர்த்துக்கொண்டு வரும். அடியோடு வெட்டி, வேர்முனையில் துளை போட்டுக் களைக்கொல்லி விட்டு, காய்ந்தபின் வெடிப்பைக் கலவையால் அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை முக்கோணமாகக் கலவை வைத்து உருட்டிவிட வேண்டும். ஒழுகல் பல நேரம் அந்த மூலையிலிருந்துதான் வரும்.

கீழே செய்ய வேண்டியது: முட்டுக் கொடுத்துவிட்டு, பொக்கான கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலம் தெரியும் வரை கொத்தி எடுக்க வேண்டும். வயர் பிரஷ் போட்டுத் துருவை வெள்ளைக் கம்பி தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பிடிமானப் பூச்சு ஈரம் காய்வதற்குள் பாலிமர் கலவையை அரை அரை அங்குலமாக ஏற்ற வேண்டும். 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். இதைச் செய்யாமல் துருவின் மேல் சாதா சிமென்ட் அப்பினால் ஓரிரு ஆண்டில் பலகை பலகையாக விழும். துரு ஊறி ஊறிப் பெருத்து, பூச்சை வெளியே தள்ளும். முதல் தடவை உதிர்ந்ததைவிட இரண்டாம் தடவை விழும் துண்டு கனமாக இருக்கும்.

என் வரிசை: கூரை. மற்றதெல்லாம் அப்புறம்.

---

குழாயடி

மேலே சொன்ன கூரை வேலையில் ஒரு சொல்லுக்கும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரிசையில் மறுப்பு உண்டு. அறையைப் பூட்டிவிட்டால் ஆபத்து நின்றுவிடும், பழுது இரண்டு மாதம் பொறுக்கும். பெண்பிள்ளையின் சிறுநீர்ப்பை பொறுக்காது.

கணக்கைப் பாருங்கள். இடைவேளை 10 நிமிடம். ஒருத்திக்கு 2 நிமிடம் என்று வைத்தால் ஒரு கழிப்பறையில் 5 பேர் போய்வரலாம். மீதி 46 பேர்? அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சிறுநீர்த் தொற்று அங்கே தொடங்குகிறது. தூய்மைப் பள்ளித் திட்டத்தின் அளவு 40 பிள்ளைகளுக்கு ஓர் அலகு. ஓர் அலகு என்றால் 1 மலக்கழிப்பிடமும் 3 சிறுநீர்க்கழிப்பிடமும். அப்படிப் பார்த்தால் 51 பெண்பிள்ளைகளுக்கு 2 மலக்கழிப்பிடம், 6 சிறுநீர்க்கழிப்பிடம். புதிதாக மலக்கழிப்பிடம் கட்டத்தான் குழி, செப்டிக் டேங்க் எல்லாம் பெரிதாக்க வேண்டும். சிறுநீர்க்கழிப்பிடம் மட்டும் என்றால் இடுப்பளவு தடுப்பு, டைல்ஸ், சரிவு வாய்க்கால், உறிஞ்சுகுழி, அவ்வளவுதான். முதலில் பெண்பிள்ளைகளுக்கு 6 சிறுநீர்க்கழிப்பிடம் போடுங்கள். இடைவேளை நெரிசல் அன்றைக்கே பெருமளவு குறைந்துவிடும்.

கட்டும்போது பெரியவர்கள் அளவில் கட்டிவிடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாழ்ப்பாள் எட்டாது, அதனால் கதவைத் திறந்து வைத்தே போவாள், அல்லது போகவே மாட்டாள். தாழ்ப்பாள் தரையிலிருந்து 3 அடிக்கு மேல் வேண்டாம். கைகழுவும் குழாய் 2 அடி உயரம். பையன்கள் சிறுநீர்க்கோப்பையின் உதடு 15 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். ஒன்றிலாவது கைப்பிடிக் கம்பியும், வாசலுக்குச் சாய்தளமும் இருக்க வேண்டும். சாய்தளம் 1 அடி ஏற 12 அடி நீளம். 4 அடிக்கு ஒரு அடி என்று செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலி பின்னால் உருளும்.

மலக்கழிப்பிடத்துக்கு ஊரகப் பேன் வாங்குங்கள். அடிச்சரிவு செங்குத்தாக, தண்ணீர்ப்பூட்டு 20 மி.மீ. இருக்கும், 2 லிட்டரில் போய்விடும். வீட்டுக்கு வாங்கும் சாதாரண பேனுக்கு ஒரு வாளி ஊற்ற வேண்டும், ஐந்து வயதுப் பிள்ளை ஒரு வாளி தூக்குமா?

தண்ணீர்: பகல்நேரப் பள்ளிக்கு இந்தியத் தர அளவு பிள்ளைக்கு 45 லிட்டர். 96 பேருக்கு 4,320. கிடைக்கிற 2,000 லிட்டர் டேங்கை ஒரு நாளில் இரண்டு தடவை ஏற்றினால் ஏறக்குறைய சமம். மேடை 8 அடியாவது இருக்கட்டும், இல்லையென்றால் குழாயில் நூல் மாதிரி வரும். கழிப்பறைக்கு வால்வு போட்டுத் தனிக் குழாய் இழுங்கள். ஒரு குழாய் உடைந்தால் மொத்தமும் நிற்கக் கூடாது.

குளோரின் விஷயத்திலும் கை நடுங்காமல் இருக்க ஒரு கணக்கு: சுத்தமான டேங்கில் 1,000 லிட்டருக்கு 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராம். வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. ஆர்ஓ மெஷின் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பேசுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் அது தேவையே இல்லை.

கட்டிய பிறகு யார் கழுவுவது, எந்தப் பணத்தில் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். பள்ளி மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு என்பது விதி. உங்களுக்கு 2,500. அது துடைப்பத்துக்கும் பினாயிலுக்குமே சரி. ஆசிட் வாங்க வேண்டாம். டைல்ஸ் இணைப்புகளை அரித்து, செப்டிக் டேங்கில் உள்ள நுண்ணுயிரையும் கொன்று, டேங்க் சீக்கிரம் நிரம்பிவிடும்.

---

ரோட்டோரம்

இருவரும் சுவரை விட்டுவிட்டீர்கள். சுவர் கேட்கும் பெற்றோரை ஆடம்பரம் பேசுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மணி அடித்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நேராகத் தார்ச்சாலைக்கு ஓடும். இரவில் வராந்தாவில் குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போட்டால் காலையில் மிதிப்பது நம் பிள்ளை. புதுக் கழிப்பறை கட்டினால் ஒரே மாதத்தில் குழாய்களைத் திருகிக்கொண்டு போவார்கள். சுவர் இல்லாத பள்ளியில் எதைச் செய்தாலும் நிற்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே சுற்றுச்சுவர் அல்லது வேலி இருக்கிறது.

---

வாட்டம்_பார்

@ரோட்டோரம் ஐயா, அக்கறை புரிகிறது. அட்டவணையில் "அல்லது வேலி" என்று இருப்பதைப் பிடித்துக்கொள்வோம்.

600 அடி, 5 அடி உயரம், 9 அங்குலச் சுவர் என்றால் 2,250 கன அடி. செங்கல் மட்டும் 31,000-க்கு மேல். அஸ்திவாரம், தூண், பூச்சு தனி. 1.75 லட்சம் எந்த மூலைக்கு? பாதியில் நின்ற சுவர் யாரையும் தடுக்காது. சாலையோரம் 120 அடிக்கு மட்டும் சுவரும் கேட்டும், மீதி 480 அடிக்கு 8 அடிக்கு ஒரு கான்கிரீட் கம்பம் நட்டுக் கம்பிவலை. 60 கம்பம் போதும். கேட்டை நேராகச் சாலைக்குத் திறக்காமல் 10 அடி உள்ளே தள்ளி வையுங்கள். பிள்ளைகள் கூட்டமாக நிற்க இடம் வேண்டும்.

சுவரில் மறந்துபோவது தண்ணீர். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, பள்ளி பள்ளமாகிறது. இப்போது மழைநீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். சுவர் எழுப்பிய முதல் ஐப்பசியில் மைதானம் குளமாகிவிடும், அஸ்திவாரம் ஊறும். தாழ்வான பக்கத்தில் 10 அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாயைத் தரைமட்டத்தில் வைத்தே கட்ட வேண்டும். கரிசல் மண் என்றால் சாதாரண அஸ்திவாரத்துச் சுவர் கோடையில் வெடிக்கும். கீழே கான்கிரீட் பெல்ட் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

@குழாயடி சிறுநீர்க்கழிப்பிடத்தை முதலில் எடுப்பதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அறை உண்மையிலேயே பூட்டியிருக்க வேண்டும். மழை வந்ததும் "இன்னைக்கு ஒருநாள் மட்டும்" என்று திறக்கக் கூடாது.

---

நியூட்ரல்

மின்சாரத்தை யாரும் சொல்லவில்லை. ஒழுகுகிற கூரை, அதில் மின்விசிறி. கம்பி தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த விசிறியை உடனே கழற்றி இறக்குங்கள். கொக்கி மாட்டியிருப்பதும் அதே துருப்பிடித்த கம்பியில்தான்.

மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்ததும் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா பாருங்கள். பியூஸும் எம்சிபியும் ஒயரைக் காப்பாற்றும், பிள்ளையைக் காப்பாற்றுவது இதுதான். புதிதாகப் போட்டதும் அது அடிக்கடி விழும், அதாவது லைனைத் துண்டிக்கும். பழைய ஒயரிங்கில் இரண்டு அறைக்கும் நியூட்ரலை ஒன்றாக முறுக்கியிருப்பார்கள், அல்லது ஈரச் சுவரில் எர்த்தோடு கசிவு இருக்கும். வேலைக்கு வந்தவர் அதைத் தேடாமல் ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிட்டு "இப்ப சரியாயிடுச்சு" என்பார். அங்கேயே நிறுத்துங்கள். நியூட்ரலைப் பிரித்து, கசிகிற லைனைக் கண்டுபிடித்து மாற்றச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பதிவேட்டில் எழுதுங்கள்.

மோட்டாருக்குத் தனி எர்த் கட்டாயம். மோட்டாரில் கசிவு இருந்தால் இரும்புக் குழாய் வழியாகக் கைகழுவும் இடத்துக்கு வரும். இந்த வேலை மொத்தமும் உங்கள் 25,000-க்குள் முடியும் அளவுதான்.

---

மூன்றாம்வகுப்பு_அம்மா

எல்லோருக்கும் நன்றி. தலைமை ஆசிரியர் அறையைப் பூட்டிவிட்டார், விசிறியும் இறக்கியாச்சு. இரண்டு சந்தேகம். டைல்ஸ், பெயின்ட் என்று ஆசைப்படும் முன்னாள் மாணவர்களிடம் என்ன சொல்வது? 1.5 லட்சத்தை அப்படியே சிறுநீர்க்கழிப்பிடத்துக்கும் கூரைக்கும் பிரித்துவிடலாமா?

---

குழாயடி

அக்கா, பிரித்துக் கரைக்க வேண்டாம். ஊரக வளர்ச்சித் துறையின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, மீதி அரசுப் பணம். 1.5 லட்சத்தைப் பங்காகக் காட்டினால் 4.5 லட்சத்துக்கு மதிப்பீடு கேட்கலாம். கூரைப் பழுது, சாலையோரச் சுவர் இரண்டில் எதற்கு என்று பொறியாளரின் அறிக்கை வந்ததும் முடிவு செய்யுங்கள். ஒப்புதல் மாவட்ட ஆட்சியர் வரை போய்வர வேண்டும், நாளாகும். அதனால் மனுவை இந்த வாரமே கொடுங்கள். 25,000-ல் மின்வேலை, மிச்சத்தில் இருக்கிற இரண்டு கழிப்பறையின் கதவும் குழாயும். சிறுநீர்க்கழிப்பிடத்துக்கு ஊராட்சியைக் கேளுங்கள். ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப்போட்ட பணம்.

மானியத்தில் இன்னொரு கணக்கு. 31 முதல் 100 பிள்ளைகள் வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. நீங்கள் 96. ஊரில் இன்னும் ஐந்து பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால் அடுத்தடுத்த ஆண்டுகளில் பணம் இரட்டிப்பாகும்.

முன்னாள் மாணவர்களை ஒருநாள் இடைவேளையில் வரச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் டைல்ஸ் பேச்சு தானாக மாறும். பெயின்ட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வரிசையில் கடைசியில் வையுங்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் அடுத்த தையில் தோல் உரியும். அவர்கள் பெயரும் அதோடு உரியும்.

---

வாட்டம்_பார்

தீர்மானத்தின் வாசகத்தில் "பழுது நீக்கம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பூச்சு, பெயின்ட் அடித்துவிட்டு முடித்துவிட்டதாகக் கணக்குக் காட்டலாம். இப்படி எழுதுங்கள்: "1994 கட்டடம், தளம் 1,120 சதுர அடி, பழைய சுண்ணாம்புத் தளத்தை முழுதும் கொத்தி அகற்றுதல், 5 அடிக்கு 1 அங்குலம் வாட்டத்துடன் புதிய தளம், 4 அங்குல மழைநீர்க் குழாய் 3, அடிப்புறத்தில் துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து பாலிமர் கலவை." அளவு எழுத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும்போது குழு உறுப்பினர் டேப் பிடித்துக் கேட்க முடியும். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தானே, தினமும் ஒருவர் முறை வைத்துப் போய் நில்லுங்கள். பழைய தளத்தைக் கொத்துகிற நாளும், கீழே கம்பி தேய்க்கிற நாளும் கட்டாயம் யாராவது இருக்க வேண்டும். மூடிவிட்டால் அப்புறம் யாராலும் பார்க்க முடியாது.

சுவரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட வேண்டாம். பள்ளி வளர்ச்சித் திட்டம் மூன்றாண்டுக்கானது. சாலையோரச் சுவரும் வேலியும் இரண்டாம் ஆண்டு, பெயின்ட் மூன்றாம் ஆண்டு என்று ஏற்றுங்கள். அதுவரை சாலையோரம் 15 கம்பம் நட்டு வலை மட்டும் கட்டிவிடலாம். சுவர் வரும்போது அதே வலையைக் கழற்றிப் பக்கவாட்டு வேலிக்கு வைத்துக்கொள்ளலாம்.

---

ரோட்டோரம்

அந்த 15 கம்பத்துக்கும் வலைக்கும் ஊரில் வசூல் செய்வது பெற்றோர் பொறுப்பு என்று தீர்மானத்தில் சேர்த்தால் சுவர் கேட்பவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். கம்பம் நடும்போது குழி இரண்டடி ஆழம், அடியில் கான்கிரீட். மண்ணில் மட்டும் நட்டால் மாடு உரசியே சாய்த்துவிடும்.